கோர்சேர் போர் விமானத்தின் இறக்கை ஏன் வளைந்திருக்கிறது?

டர்பனில் எங்கள் பையன்கள் பலர் சிமுலேட்டரில் கோர்சேரை ஓட்டக் காத்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கோர்சேர் 1940-இல் முதலில் பறந்த அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம். உடலை ஒட்டிக் கீழிறங்கி, பிறகு மேலேறும் இறக்கை அதற்கு. காரணம் மூக்கில் சுழலும் விசிறி. சுமார் 2000 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் குறுக்களவு நான்கு மீட்டர் விசிறி தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காமலிருக்க விமானம் உயர்ந்து நிற்க வேண்டும். ஆனால் கப்பல் தளத்தில் இறங்குவது தொப்பென்று விழுவது மாதிரி. நெட்டைக் கால் மேசையைக் கீழே போட்டால் கால் ஒடியும், குட்டை முக்காலி தாங்கும். அதனால் இறக்கையைத் தாழ்த்தி, அந்தத் தாழ்ந்த இடத்தில் குட்டையான சக்கரக்கால்களை வைத்தார்கள்.

சிமுலேட்டரில் உங்களை உண்மையில் சோதிப்பது நீண்ட மூக்குதான். நேராக வந்தால் தளமே தெரியாது. இடப்பக்கமாக வளைந்து வந்து, கடைசி நொடியில் நிமிர்த்துங்கள். வேகம் குறைந்தால் இடது இறக்கை முதலில் சரியும், ஜாக்கிரதை. கோர்சேர்களைச் சுமந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸ் 1944-இல் நம் டர்பன் துறைமுகத்தில்தான் பழுதுபார்க்கப்பட்டது. அந்த விமானிகளும் இப்படி வளைந்துதான் இறங்கினார்கள்.

அப்புறம், வளைவை வேகத்துக்காக வைத்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். காற்றுத்தடை கொஞ்சம் குறைந்தது உண்மை, ஆனால் அது கூடவே கிடைத்த லாபம்தான்.