பொருளாதாரம், புள்ளியியல், கணினி மூன்றும் கலந்த பட்டங்களில் எதில் சேரலாம்?

பொருளாதாரம்-புள்ளியியல், பொருளாதாரம்-கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் என்று மூன்று இளநிலைப் பட்டங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, தரவு சார்ந்த வேலைக்குப் போக வேண்டும், பின்னால் முதுநிலைக்கும் வழி அடைபடக் கூடாது, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளாதாரம்-புள்ளியியல். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது நிறைவேறாவிட்டால் என் பதிலும் மாறிவிடும்.

பட்டத்தின் பெயரை மறந்துவிட்டு, கட்டாயப் பாடங்களின் பட்டியலை மட்டும் எடுங்கள். (விருப்பப் பாடங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கையேட்டில் நீளமாக இருக்கும். அந்த ஆண்டு நடத்த ஆள் இருக்கிறாரா என்பது வேறு கதை.) அதில் இந்த வரிசை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்: பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், அவற்றின் மேல் நிகழ்தகவு, அதன் மேல் கணிதப் புள்ளியியல், கடைசியில் எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பாடம்). நடுவில் ஒரு படி விடுபட்டு எக்கனாமெட்ரிக்ஸ் மட்டும் வந்தால், பெரும்பாலும் மென்பொருள் தரும் அட்டவணையை வாசிக்கத்தான் சொல்லித்தருவார்கள்.

பாடத்தலைப்பை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய வினாத்தாள் காட்டிக்கொடுத்துவிடும். நிகழ்தகவுத் தாளில் பகடையும் சீட்டுக்கட்டும் மட்டும்தானா, இரண்டு மாறிகளின் கூட்டு அடர்த்திச் சார்பைத் தொகையிடச் சொல்லும் கணக்கும் உண்டா? எக்கனாமெட்ரிக்ஸ் தாளில், மீச்சிறு வர்க்க மதிப்பீடு (தரவுக்கு மிக நெருக்கமான கோட்டைக் கண்டுபிடிக்கும் முறை) எந்த நிபந்தனைகளில் பிறழ்ச்சியற்றது, அதாவது சராசரியில் உண்மை மதிப்பையே தரும் என்று அணி வடிவில் நிறுவச் சொல்கிறார்களா, "கீழ்க்காணும் மென்பொருள் வெளியீட்டை விளக்குக" என்பதோடு விட்டுவிடுகிறார்களா? நான் சொன்ன நிபந்தனை இதுதான்: பகடையும் வெளியீடும் மட்டுமே இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள், தொகையீடும் நிறுவலும் இருந்தால் சேருங்கள்.

கணிதத்துக்கு ஏன் இவ்வளவு எடை? பைதானையோ ஆர் மொழியையோ வேலைக்குப் போன பிறகும் மாலை நேரத்தில் பழகிக்கொள்ளலாம். நிரலில் தவறினால் பல நேரம் கணினியே பிழைச்செய்தி காட்டும். நிறுவலில் தவறினால் சுட்டிக்காட்ட ஆசிரியர் ஒருவர் வேண்டும், அவர் கல்லூரியில்தான் கிடைப்பார். மேற்படிப்பிலும் இதுவே தடை. புள்ளியியல் முதுநிலைக்கு மேலே சொன்ன வரிசையில் எக்கனாமெட்ரிக்ஸ் தவிர்த்த மற்றவை அடிப்படைத் தேவை; பொருளாதார ஆராய்ச்சிப் படிப்பு என்றால் அதோடு மெய்ப் பகுப்பாய்வில் (நுண்கணிதத்தை நிறுவல்களோடு படிக்கும் பாடம்) ஒரு பருவமாவது இருந்தால் நல்லது.

பொருளாதாரம் இந்தக் கலவையில் அலங்காரத்துக்கு நிற்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு குடைக் கடையின் விற்பனைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். தரவை அப்படியே ரெக்ரஷனில் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை) போட்டால் "விலையை ஏற்றினால் விற்பனை கூடும்" என்று வரும். நாளைய விற்பனையைக் கணிக்க அந்தக் கணித மாதிரி பரவாயில்லை. விலையை நாமே குறைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதே கணித மாதிரி தருவது முழுத் தவறு. எவ்வளவு பெரிய இயந்திரக் கற்றல் மாதிரியைப் போட்டாலும் இந்தத் தவறு தானாகச் சரியாகாது, ஏனென்றால் குறை கணக்கீட்டில் இல்லை, தரவு உருவான விதத்தில் இருக்கிறது. 1928-இல் பொருளாதார அறிஞர் பிலிப் ரைட் ஆளி விதைச் சந்தையில் இதே முடிச்சை அவிழ்க்கத்தான் கருவி மாறி முறையை (விலையை அசைக்கும், ஆனால் வாங்குபவரின் தேவையை நேரடியாகத் தொடாத வேறொரு காரணியை வைத்து விலையின் விளைவைப் பிரித்தறிவது) கையாண்டார். 2021-இல் கார்ட், ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ் மூவருக்கும் கிடைத்த நோபல் பரிசும் இந்த வழியில் நடந்த வேலைக்குத்தான். கருவி மாறி, வேறுபாடுகளின் வேறுபாடு (மாற்றம் நடந்த குழுவையும் நடக்காத குழுவையும் முன்னும் பின்னும் ஒப்பிடும் முறை) ஆகிய இரண்டும் பாடத்திட்டத்தில் இல்லாத பொருளாதாரப் பட்டம் உங்களுக்கு வேண்டாம்.

கணினிப் பக்கம் இந்தப் பட்டத்தில் மெலிந்துதான் இருக்கும். இரண்டு பாடங்களை எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்: தரவுக் கட்டமைப்பு-அல்காரிதம், தரவுத்தளம். 10 லட்சம் பதிவுகளில் இரட்டைப் பதிவைத் தேட, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள். முதலில் வரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்ததைப் பார்த்தால் ஏறத்தாழ 2 கோடியில் முடியும். நினைவகமும் இப்படித்தான்: 10 கோடி வரிகள், 20 நெடுவரிசைகள், ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் 16 ஜிபி. சாதாரண மடிக்கணினியில் அதை மொத்தமாகத் திறக்கப் பார்த்தால் உறைந்து நிற்கும். தேவையான பகுதியை மட்டும் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டு எடுக்கும் மொழி) மூலம் எடுக்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். இயங்குதளம், கம்பைலர் போன்றவை இல்லாமலும் தரவு வேலை நடக்கும். ஆனால் கணினி அறிவியல் முதுநிலைதான் குறி என்றால் அவையும் கேட்கப்படலாம்; அப்போது இந்தப் பட்டம் சரிப்படாது.

பொருளாதாரம்-கணினி அறிவியலில் ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: இரண்டையும் இணைக்கும் பாடம். இரு துறைகளும் உண்மையிலேயே சந்திக்கும் இடங்கள் உண்டு. மாணவரையும் கல்லூரியையும் பொருத்துவதற்கு 1962-இல் கணித அறிஞர்கள் கேலும் ஷேப்லியும் தந்த அல்காரிதமும், அதை நடைமுறைச் சந்தைகளுக்குக் கொண்டுபோன பொருளாதார அறிஞர் ரோத்தின் வேலையும் அப்படிப்பட்டவை. ரோத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-இல் நோபல் கிடைத்தது. சந்தை வடிவமைப்பு, ஏலக் கோட்பாடு, விளையாட்டுக் கோட்பாட்டின் கணிப்பு முறைகள் என ஏதாவது ஒன்று கட்டாயப் பாடமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இல்லையென்றால் அது ஒரே சான்றிதழில் அச்சான இரண்டு அரைப் பட்டங்கள். மென்பொருள் வேலைதான் ஆசை என்பவருக்கு அதுவும் போதும்.

டேட்டா சயின்ஸ் பட்டங்களின் தரம் இடத்துக்கு இடம் மலையும் மடுவும். அடிக்கடி கண்ணில் படும் குறை, அறிமுகப் புள்ளியியலையே வெவ்வேறு பெயர்களில் மூன்று முறை நடத்துவது. சராசரி, திட்டவிலக்கம், எளிய ரெக்ரஷன் எத்தனை பாடங்களில் திரும்ப வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன கணித வரிசை முழுதாக இருந்தால் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

சேரும் முன் துறை அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இரு துறை சேர்ந்து நடத்தும் பட்டத்தில் கட்டாயப் பாடங்களின் நேரங்கள் மோதினால் யார் விட்டுக்கொடுப்பார்கள்? முதலாண்டு முடிவில் துறை மாறலாமா? புள்ளியியலிலிருந்து பொருளாதாரத்துக்கு மாறுவது எளிது, முன்தேவைக் கணிதம் கையில் இருக்கும். எதிர்த்திசையில் மாறுபவர் நுண்கணிதத்தை இரண்டாமாண்டில் தொடங்க வேண்டிவரும், படிப்பு நீளவும் வாய்ப்புண்டு.