அப்பாவின் பங்குகள் அரசுக் கணக்குக்குப் போனால்

வணக்கம்ங்க. இறந்துபோன அப்பாவோட 200 பங்கையும் அரசு பறிச்சுக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. பதறாதீங்க. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 124(6)படி, தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்ட் (கம்பெனி தர்ற லாபப் பங்கு) வாங்காத பங்கு, அரசோட ஐ.இ.பி.எஃப். (முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு) நிதிக்குப் போயிடும். நோட்டீஸ் பழைய வீட்டு முகவரிக்கு வந்திருக்கும், யார் பாத்தா! ஓட்டுரிமைதான் முடக்கம், உரிமை அப்படியே இருக்கு. இடையில போனஸ் பங்கு (கம்பெனி இலவசமாத் தர்ற கூடுதல் பங்கு) வந்திருந்தா அதையும் சேர்த்துக் கேளுங்க.

முதல்ல இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணங்களை வச்சுக் கம்பெனியோட பங்குப் பதிவாளர்கிட்ட, பங்கு உங்களுக்குச் சேர வேண்டியதுன்னு சொல்ற உரிமைக் கடிதம் வாங்குங்க. அப்புறம்தான் பங்கைத் திரும்பக் கேக்குற ஐ.இ.பி.எஃப்-5 படிவம். அதுக்குக் கட்டணம் கிடையாது. கமிஷன் கேட்டு வர்ற ஏஜெண்ட்டை வாசலோட அனுப்பிடுங்க. பங்குப் பத்திரத்துல 'எஸ். முருகன்', பான் கார்டுல 'சுப்பையா முருகன்'னு இருந்தாலே இழுத்தடிப்பாங்க. அதை முன்னாடியே சரி பண்ணிக்குங்க. பங்கைத் திரும்ப வாங்கிக்க டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவத்துல வைக்கிற கணக்கு) உங்க பேர்ல வேணும்.