கியர்ப்பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: ஐயா, இரண்டு மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து வாகன விற்பனை நிலையமொன்றில் ஒட்டோ கியர் உள்ள பழைய டபிள் கெப் ஒன்றை வாங்கினேன். மீற்றர் 190,000 கிலோமீற்றர் காட்டுகிறது. தோட்டத்து வெங்காயம், உரம் ஏற்றவும் மாதத்தில் இரண்டு தடவை வவுனியா போய் வரவும் பயன்படுத்துகிறேன். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. பரந்தன் தாண்டிச் சூடேறியதும் 60 கிலோமீற்றர் வேகத்தில் கியர் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னால் யாரோ உதைத்தது போல் அடிக்கிறது. கராஜில் ஒரு தரம் ஓடிப் பார்த்துவிட்டு, கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, முழுவதும் கழற்றிச் செய்ய வேண்டும் அல்லது ரீகண்டிஷன் பெட்டி போட வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா? விற்றவரிடம் கேட்க முடியுமா? (சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு தரம் ஓடிப் பார்த்துச் சொல்லப்பட்டது ஊகம் மட்டுமே. தானியங்கிக் கியர்ப்பெட்டி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அச்சின் வேகம், எக்ஸிலேற்றர் மிதிபட்டிருக்கும் அளவு, எண்ணெயின் சூடு ஆகியவற்றைச் சென்சர்கள் அறிவிக்க, அவற்றைக் கொண்டு ஒரு கணினி சொலனோயிட் எனப்படும் மின்சார வால்வுகளைத் திறந்து மூடுகிறது. அவற்றின் வழியாகச் செல்லும் எண்ணெய் அழுத்தமே கிளச்சுகளைப் பிடிக்கிறது. இவற்றுள் எது பழுதானாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது கியர் தடுமாறுவது மட்டுமே. 2019 இல் போர்ட் நிறுவனம் 2011 முதல் 2013 வரையான எஃப் 150 பிக்கப் வண்டிகளில் ஏறத்தாழ 14.8 இலட்சத்தை வட அமெரிக்காவில் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. கியர்ப்பெட்டியிலிருந்து சக்கரங்களை நோக்கிச் சுழலும் வெளியீட்டு அச்சின் வேகத்தை அளக்கும் சென்சரின் சமிக்ஞை இடையிடையே அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென முதலாம் கியருக்கு இறங்கக்கூடும் என்பதே காரணம். அதற்கான திருத்தம் கணினியின் மென்பொருளை மாற்றுவதாக இருந்தது. பெட்டியை மாற்றுவதாக இருக்கவில்லை.

ஆகவே முதலில் எண்ணெயைப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடான நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். அளவுகோல் இல்லாத பெட்டிகளில் அடியிலுள்ள நிரம்பல் மூடியைத் திறந்து, குறிப்பிட்ட சூட்டில் எண்ணெய் வழிகிறதா என்று பார்ப்பார்கள். குளிரில் ஒழுங்காகவும் சூட்டில் தாறுமாறாகவும் ஓடுவது பெரும்பாலும் எண்ணெய் குறைந்ததாலோ பழுதடைந்ததாலோ, சொலனோயிட் அல்லது வால்வுத் தொகுதி தேய்ந்ததாலோ வரும். எண்ணெய் சிவப்பாக இருந்தால் நல்லது. மண்ணிறமாக மாறினால் பழையது. கருகிய வாடை வந்தால் கிளச்சுகள் எரிந்திருக்கின்றன. வெளிர்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால், அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். வவுனியாப் பயணம் வேண்டாம்.

அந்தப் பால் நிறத்துக்குக் காரணம் தண்ணீர். பல பிக்கப் வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றருக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குழாய் ஓட்டையானால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, கிளச்சுத் தட்டுகளின் உராய்வுப் படலத்தை உரித்துவிடும். 2005 முதல் 2010 வரையான நிசான் ஃபிரண்டியர், பாத்ஃபைண்டர் வண்டிகளில் இந்தப் பழுது வந்து, அமெரிக்காவில் வழக்குவரை போயிற்று. நம்மூரில் ஒரு பழக்கம் அதற்கு மேலும் இடம் கொடுக்கிறது: ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் வாளியோடு கிணற்றடிக்குப் போகிறோம். சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறும் தண்ணீரில் காரை படியும். சவர்க் கிணறாக இருந்தால் உலோகத்தையும் அரிக்கும். முந்திய உரிமையாளர் எதை ஊற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது. ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, உள்ளே துருவோ எண்ணெய்ப் படலமோ இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

எண்ணெய் சரியாக இருந்தால் மின்பக்கம் வாருங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் ஏறத்தாழ 14 வோல்ற் இருக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் ஊர் இது. பூமிக் கம்பி துருப்பிடித்தோ, கியர்ப்பெட்டி வயர் இணைப்புகளின் ஊசிகள் பச்சை படர்ந்தோ இருக்கலாம். அடுத்தது ஸ்கான், அதாவது கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைக் கருவி கொண்டு படிப்பது. எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவான கருவி பி 0700 என்று காட்டி நின்றுவிடும். கியர்க் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அந்தக் கணினியையே திறந்து படிக்கும் கருவி வேண்டும். பி 0720 வந்தால் வெளியீட்டு வேகச் சென்சர் அல்லது அதன் வயரைச் சந்தேகிக்கலாம். பி 0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உள்ளே வழுக்குகிறது என்று கொள்ளலாம். குறியீடுகளை அழிப்பதற்கு முன்னர் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த பின்னர் பேரம் பேச ஆதாரம் இருக்காது.

நீங்கள் சொல்லும் 60 கிலோமீற்றர்த் தடுமாற்றத்தை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். மேடு பள்ளமே இல்லாத வீதியில் கியர் இப்படி ஏறி இறங்க நியாயமில்லை. ஆகவே அது கியர் மாற்றமாக இல்லாமல், டோர்க் கன்வேர்ட்டரின், அதாவது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்ப்பெட்டிக்குக் கடத்தும் பகுதியின், பூட்டுக் கிளச்சு மாறி மாறிப் பிடிப்பதும் விடுவதுமாகவும் இருக்கலாம். பின்னால் வாகனம் இல்லாத நேரத்தில், எக்ஸிலேற்றரை அசைக்காமல், பிரேக்கை மிக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் விளக்கு எரிந்ததும் அந்தப் பூட்டு விடுபடும். தடுமாற்றமும் அதோடு நின்றால் பழுது அந்தப் பக்கமே. சில வேளைகளில் பழைய எண்ணெயை எடுத்துவிட்டுத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயை ஊற்றினாலே அது தீர்ந்துவிடும். வேறு வகை ஊற்றியிருந்தாலும் இதே தொல்லைதான் வரும்.

இவ்வளவுக்கும் பிறகும் கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் எண்ணெய்த் தட்டை மட்டும், உங்கள் முன்னிலையில், கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் நரைநிறப் பசை சிறிதளவு ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் சில்லுகளோ கறுத்த உராய்வுத் துகள்களோ குவிந்திருந்தால் கராஜ்காரர் சொன்னது சரி. ரீகண்டிஷன் பெட்டி போடுவதாயின், குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவாமலோ மாற்றாமலோ போட விடாதீர்கள். பழைய அழுக்கு புதிய பெட்டியையும் கொன்றுவிடும். உத்தரவாதக் காலம் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

விற்றவர் விடயம். தனியாரிடம் வாங்கியிருந்தால் இதைவிடக் கடினம். நீங்கள் வாங்கியது வியாபாரி ஒருவரிடம். கியர் குறித்து அவர் என்ன எழுதிக் கொடுத்தார், விளம்பரத்தில் என்ன சொன்னார் என்பதைத் தேடி எடுங்கள். ஸ்கான் அறிக்கையோடு முதலில் அவருக்கே எழுத்தில் அறிவியுங்கள். இணங்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கிடைக்க வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது என்கிறீர்கள். ஆகவே ஸ்கான் செய்வதை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.