விசுவாசத்தில் நிலைத்திருக்க: சில கேள்விகள், பதில்கள்

திருச்சபையின் போதனை அதிகாரத்தைப் பற்றியும், அதை நம்பி வாழ்வதில் உள்ள சிரமங்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு ஒரு மறைக்கல்வி ஆசிரியராக எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, என் நண்பர்கள் "விவிலியம் மட்டும் போதும், திருச்சபை எதற்கு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

தம்பி, புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் என்று முடிவு செய்தது யார் என்று அவர்களிடம் கேளுங்கள். அந்தப் பட்டியல் விவிலியத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அலெக்சாந்திரியா ஆயரான புனித அத்தனாசியு 367-இல் எழுதிய மடலில்தான் இந்த 27 நூல்களும் கூடுதல் குறைவின்றி வருகின்றன. பிறகு 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள் அதே பட்டியலை ஏற்றார்கள். எது இறைவார்த்தை என்று அடையாளம் காட்டியதில் திருச்சபையை நம்புகிறவர், அதன் பொருளை விளக்கும்போது மட்டும் நம்பமாட்டேன் என்பது பொருந்தவில்லை.

பவுலடியாரும் வாய்மொழியாகவோ திருமுகம் வழியாகவோ கற்றவற்றைப் பற்றிக்கொள்ளும்படிதான் எழுதுகிறார் (2 தெச 2:15). ஆனால் ஆயர்கள் இறைவார்த்தைக்கு மேலே உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள். போதனை அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிபுரிவது என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

திருத்தந்தை விமானத்தில் நிருபர்களிடம் பேசுவதையெல்லாம் தவறாதது என்று நான் ஏற்கவேண்டுமா?

வேண்டாம். நல்ல கத்தோலிக்கர்கள் பலரை இந்தக் குழப்பம்தான் அலைக்கழிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தை, அதாவது போதிப்பதில் தவறாத வரத்தை, வரையறுத்தபோது கடுமையான நிபந்தனைகளையும் வைத்தது. அனைத்துக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பரும் ஆசிரியருமாக, தம் உச்ச அதிகாரத்தைப் பயன்படுத்தி, விசுவாசம் அல்லது ஒழுக்கம் சார்ந்த ஒன்றைத் திருச்சபை முழுவதும் ஏற்கவேண்டியதாக அவர் வரையறுக்கவேண்டும். 1870-க்குப் பிறகு அப்படி நடந்தது ஒரே ஒருமுறை. 1950-இல் பன்னிரண்டாம் பியுஸ், அன்னை மரியா விண்ணேற்றம் அடைந்ததை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.

மற்ற நேரங்களில் என்ன? சுற்றுமடல்களிலும் வழக்கமான போதனையிலும் அவர் கற்பிப்பதை மனமும் அறிவும் இணங்க மதிப்போடு ஏற்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘திருச்சபை’ கொள்கைத்திரட்டு (எண் 25) கேட்கிறது. எந்த ஆவணத்தில் சொல்கிறார், எத்தனை முறை சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அந்த எடை கூடும், குறையும். நேர்காணலில் அரசியலைப் பற்றியோ பொருளாதாரத்தைப் பற்றியோ சொல்லும் கருத்தை மரியாதையோடு கேளுங்கள். அதில் மாற்றுக்கருத்து இருந்தால் விசுவாசம் குறைந்துபோகாது.

அந்தியோக்கியாவில், முதல் திருத்தந்தையான பேதுருவின் நடத்தையைப் பவுல் நேருக்கு நேர் கண்டித்தார் (கலா 2:11). அதற்காகப் பேதுருவின் பொறுப்பை அவர் மறுக்கவில்லை, தனிச்சபை தொடங்கவுமில்லை.

அண்ணா, செபிக்கும்போதே "இதெல்லாம் உண்மைதானா?" என்று தோன்றுகிறது. பாவமா?

தானாக எழும் சந்தேகத்தைப் பாவமாக எண்ணி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. தேடிப்போகாமலே மனதில் எழும் தயக்கத்தையும், வேண்டுமென்றே உண்மையைத் தள்ளிவைப்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2088) வேறுபடுத்தியே பேசுகிறது. லிசியே நகர்ப் புனித தெரேசா தம் கடைசி ஒன்றரை ஆண்டை விண்ணகம் உண்டா என்ற இருளோடு போராடியே கழித்தார். 24 வயதில் இறந்த அவர் இன்று திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியராக மதிக்கப்படும் புனிதர். கேள்வி வரும்போது அதை எழுதி வையுங்கள், படியுங்கள், கேளுங்கள். செபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று கதறிய தந்தையின் வார்த்தை (மாற் 9:24) அந்த நேரத்துக்குப் போதும்.

எங்கள் பங்கில் குருவானவர் ஒருவர்மேல் சிறுவர் தொடர்பான குற்றச்சாட்டு வந்திருக்கிறது. அவர் கையால் நற்கருணை வாங்கியதை நினைத்தால் கூசுகிறது. இன்னும் எதை நம்பி அங்கே போவது?

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

நீங்கள் பெற்றது கிறிஸ்துவின் திருவுடல்தான், அதில் ஐயம் வேண்டாம். 4-ஆம் நூற்றாண்டில் தொனாத்துவாதிகள் என்ற பிரிவினர் எழுப்பியதும் இதே கேள்விதான். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனைக்குப் பயந்து திருநூல்களைக் காட்டிக்கொடுத்த குருக்கள் அளிக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் செல்லாது என்றார்கள். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தீன் பதில் சொன்னார். குருவின் தூய்மையை நம்பி அருட்சாதனம் நிற்குமானால், எந்தத் திருப்பலியிலும் நமக்கு உறுதி இருக்காது.

ஆனால் இந்தப் போதனையைக் கொண்டு குற்றத்தை மூடுகிறவர்கள் பெரும் தீங்கு செய்கிறார்கள். திருச்சபையின் அதிகாரத்தை மதிப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல. உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் காவல்துறையிடம் சொல்லுங்கள், ஆயரிடமும் சொல்லுங்கள். புகார்களைப் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சட்டமே கொண்டுவந்தார். "திருச்சபையின் பேர் கெட்டுவிடும்" என்று யாராவது தடுத்தால், பாதிக்கப்பட்ட பிள்ளையும் திருச்சபைதான் என்று சொல்லுங்கள். குற்றச்சாட்டு விசாரிக்கப்படட்டும், உண்மை வெளியே வரட்டும். முதலில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

சியன்னா நகர்ப் புனித கத்தரீன் குருக்களின் சீர்கேட்டைக் கடுமையான சொற்களில் கண்டித்தவர். இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை பதினோராம் கிரகோரியை உரோமைக்குத் திரும்பும்படி விடாமல் வற்புறுத்தினார். 1377-இல் அவரும் திரும்பினார். அதே கத்தரீன்தான் திருத்தந்தையை ‘மண்ணுலகில் இனிய கிறிஸ்து’ என்று அழைத்தவர். இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து வந்தவை.

இப்போதைக்கு அந்த ஆலயத்துக்குப் போக மனம் ஒப்பவில்லையென்றால் வேறு ஆலயத்தில் திருப்பலி காணுங்கள். அதில் தவறே இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு உண்மையான திருச்சபை முடிந்துவிட்டது என்று சில காணொளிகள் சொல்கின்றன. கேட்டால் நம்பும்படியாக இருக்கிறதே?

பழைய இலத்தீன் திருப்பலியின் மேல் அன்பு இருப்பது வேறு, அந்தச் சங்கத்துக்குப் பிறகு உண்மையான திருத்தந்தையே இல்லை என்பது வேறு. 1962 முதல் 1965 வரை உலகெங்குமிருந்து 2,000-க்கு மேற்பட்ட ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் அது. பாதாளத்தின் வாயில்கள் வெற்றிகொள்ளா என்று ஆண்டவர் வாக்களித்த திருச்சபை (மத் 16:18) அப்படிக் காணாமல் போயிருந்தால், பொய்த்துப்போவது அவர் வாக்கு. அந்தக் காணொளிகளில் அத்தனாசியுவை அடிக்கடி இழுப்பார்கள். ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டவர் அவர். ஆனாலும் கிறிஸ்து உண்மைக் கடவுள் என்ற நீசேயா பொதுச்சங்கத்தின் போதனைக்காகத்தான் அத்தனையையும் தாங்கினார். பொதுச்சங்கத்தை மறுக்கிறவர்களுக்கு அவர் எப்படித் துணையாவார்?

குருக்கள் திருமணம் செய்யலாம் என்று நாளை சட்டம் மாறினால் விசுவாசமே மாறிவிட்டதாகாதா?

ஆகாது. அது ஒழுங்குமுறை, விசுவாசக் கோட்பாடு அல்ல. உரோமையோடு ஒன்றித்த கீழைத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் திருமணமான குருக்கள் உண்டு.

பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. திரும்ப ஆசை. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எப்படித் தொடங்குவது?

"சாமி, நான் வந்து பல வருஷம் ஆகிறது, எப்படிச் செய்வதென்று மறந்துவிட்டது" என்றே தொடங்குங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நினைவுக்கு வரும் கனமான பாவங்களை மறைக்காமல் சொல்லுங்கள். மறந்துபோனவற்றுக்காகப் பயப்படவேண்டாம், அவையும் மன்னிப்பில் அடங்கும். நீங்கள் சொன்னதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமையில்லை. மீறினால் திருச்சபைச் சட்டத்தின் மிகக் கடுமையான தண்டனைகளில் ஒன்று அவர்மேல் விழும். தெரிந்த குருவிடம் போகக் கூச்சமென்றால் தெரியாதவரிடம் போங்கள். திரைக்குப் பின்னால் இருந்து சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்தச் சனிக்கிழமையே போய்விடுங்கள்.