‘ஏன் முன்னமே போகவில்லை?’: பேர்லினுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, பயரிஷர் பிளாட்ஸ் பக்கம் அறை கிடைத்தது நல்ல விடயம். இந்த நகரத்தில் இப்போது அறை தேடுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் நடைபாதையோடு பதித்திருக்கும் சின்னப் பித்தளைத் தகடுகள் என்ன, அவற்றை மிதிக்கலாமா, ஒன்றில் மட்டும் ‘1939 ஷாங்காய்’ என்று இருப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், ‘படித்த, வசதியான ஆட்கள்தானே, ஹிட்லர் வந்தவுடனேயே ஏன் வெளிக்கிட்டுப் போகவில்லை?’ என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலாவதுக்குத்தான் கொஞ்சம் இருந்து கதைக்க வேண்டும்.

அந்தத் தகடுகளுக்கு இங்கே ஸ்டொல்பர்ஸ்டைன், அதாவது தடுக்கும் கல், என்று பெயர். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கேல்ன் நகரத்தில் தொடங்கிய வேலை. பத்து சென்ரிமீற்றர் சதுரம். நாசிகளால் துரத்தப்பட்ட அல்லது கொல்லப்பட்ட ஒருவர், தன் விருப்பத்தோடு கடைசியாகக் குடியிருந்த வீட்டின் முன்னால் பதிப்பார்கள். 2023இல் நூரன்பேர்க்கில் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கும். பிறகு பெயர், பிறந்த ஆண்டு, என்ன நடந்தது என்பது. பெரும்பாலும் யூதர்களுக்குத்தான். ரோமா மக்கள், கம்யூனிஸ்டுகள், மாற்றுத்திறனாளிகள் என்று மற்றவர்களுக்கும் உண்டு. ஒரே குடும்பத்தில் சிலர் தப்பியிருந்தால் அவர்களுடைய கல்லையும் பக்கத்திலேயே வைப்பார்கள். உங்கள் வாசலில் உள்ள ஷாங்காய்க்காரர் அப்படித் தப்பிய ஒருவராக இருக்கலாம். ‘ஃப்ளுக்ட்’, அதாவது தப்பியோட்டம் என்ற சொல்லைக் கண்டவுடன் ஆள் பிழைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், வரியை முழுதாக வாசியுங்கள். ‘ஃப்ளுக்ட் இன் டென் டோட்’ என்றும் சில கற்களில் இருக்கும். கொண்டுபோக வருமுன் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு எழுதுவது அது.

மிதிக்கலாமா என்பதில் இங்குள்ளவர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. இறந்தவர்களின் பெயரைக் காலில் போடுவதா என்று மியூனிக் யூத சமூகத்தின் தலைவி ஷார்லொட்டே க்னோப்லொக் எதிர்த்தார். அந்த நகரம் பொது நடைபாதையில் இவற்றை இன்றுவரை விடவில்லை. டெம்னிக், வாசிக்க வேண்டுமானால் குனியத்தானே வேண்டும், அதுவே மரியாதை என்கிறார். நான் விலகித்தான் நடப்பேன். எழுத்தில் கால் படக்கூடாது என்று வளர்ந்த நமக்கு அது தானாக வரும். ஆனால் அவசரத்தில் மிதித்துவிட்டால் யாரும் உங்களை ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு, நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. தெருவிளக்குக் கம்பங்களில் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் ஒரு வரி ஜேர்மனும் உள்ள பலகைகள், மொத்தம் 80. ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னொக் என்ற இருவர் 1993இல் அமைத்த நினைவுச்சின்னம் அது. ஒவ்வொன்றும் யூதர்களுக்கு எதிராக வந்த ஒரு சட்டம் அல்லது உத்தரவு. பேர்லின் யூதர்கள் பின்னேரம் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் உணவுச் சாமான் வாங்கலாம் என்று ஒன்று. வீட்டில் நாய், பூனை வளர்க்கக்கூடாது என்று இன்னொன்று. மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் வியாபாரிகளுமாக யூதர்கள் நிறையப் பேர் குடியிருந்த பகுதி அது. ஐன்ஸ்டீன்கூட அங்கே ஹாபர்லாண்ட் வீதியில்தான் இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அமெரிக்காவில் நின்றவர், பிறகு ஜேர்மனிக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பலகைகளைத் திகதி வரிசையில் வாசித்தால் உங்கள் நாலாவது கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் வரவில்லை.

மிச்சப் பாதிக்கு வருகிறேன். முதலில் கேள்வியே பிழை. போனார்கள், தம்பி. 1933இல் ஜேர்மனியில் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான யூதர்கள் இருந்தார்கள். 1939 செப்ரெம்பரில் போர் தொடங்குமுன் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு அது கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

தொடக்கத்தில் தயங்கியவர்கள் உண்டுதான். அதற்குக் காரணமும் உண்டு. முதலாம் உலகப்போரில் ஒரு லட்சம் யூதர்கள் ஜேர்மன் படையில் இருந்தவர்கள், 12,000 பேர் செத்தவர்கள். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கிய சட்டம், போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ‘எங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள்’ என்று அந்த வீடுகளில் நினைத்ததற்கு அரசே இடம் கொடுத்தது. 1935இல் நூரன்பேர்க் சட்டங்கள் வந்ததோடு அந்த விலக்கும் போயிற்று. முதல் வருடமே பாரிசுக்கு ஓடி, அங்கே வேலை அனுமதி கிடைக்காமல், கையில் இருந்த காசும் முடிந்து பேர்லினுக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

நீங்களும் நானும் அறிந்த ஒரு நடைமுறை அந்தக் காலத்தில் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ‘தஞ்சம் கோருகிறேன்’ என்று போய் நிற்க ஒரு யன்னல் எந்த நாட்டிலும் கிடையாது. அகதிகள் உடன்படிக்கை 1951இல்தான் வந்தது. 1938இல் ஓடியவர், சாதாரணமாகக் குடியேற வருபவர் மாதிரி எல்லாத் தகுதியும் காட்டவேண்டும்: காசு, பொறுப்பேற்கும் ஆள், வேலை, மருத்துவச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று. அந்த நற்சான்றை அவரைத் துரத்துகிற அதே பொலிசிடம்தான் வாங்க வேண்டும்.

காசைப் பற்றிச் சொல்கிறேன். 1931இல், நாசிகளுக்கு முன்னமே, பணக்காரர் நாட்டைவிட்டுப் போகாமலிருக்க ஒரு வெளியேறும் வரி போட்டிருந்தார்கள். சொத்தில் நாலில் ஒரு பங்கு. நாசிகள் 1934இல் அதன் வரம்பை இரண்டு லட்சம் மார்க்கிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு இறக்கி, நடுத்தரக் குடும்பங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 1938 நவம்பருக்குப் பிறகு யூதர்களுக்கென்றே இன்னொரு சொத்துவரி. மிஞ்சியது முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போகும். நீங்கள் மாணவர் விசாவுக்காக முடக்கி வைத்த காசு மாதாமாதம் உங்கள் கைக்கு வருகிறது. அவர்கள் தங்களுடையதை வெளிநாட்டு நாணயமாக மாற்றப்போனால், 1939 அளவில் நூற்றுக்கு 96 பங்கு அரசுக்குப் போய்விடும். கையில் கொண்டுபோகக்கூடியது ஆளுக்கு 10 மார்க். ‘வசதியான ஆட்கள்’ என்று எழுதினீர்களே, கப்பல் ஏறும்போது அவர்கள் அப்படி இல்லை.

இவ்வளவும் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ள ஒரு நாடு வேண்டும். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிக் கதைத்தன. அனுதாபம் நிறைய வந்தது, இடம் வரவில்லை. டொமினிக்கன் குடியரசு மட்டும்தான் பெரிய எண்ணிக்கையில் எடுக்கிறோம் என்றது, கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் சில நூறு பேர். ஜேர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிறந்தவர்களுக்கு அமெரிக்கா வருடத்துக்கு ஒதுக்கியது 27,370 இடம். 1939 நடுப்பகுதியில் வரிசையில் நின்றவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். வரிசை எண் வரும்போது பொறுப்பேற்றவரின் கடிதம் காலாவதியாகிவிடும், அதைப் புதுப்பித்தால் வரிச் சான்றிதழ் காலாவதியாகிவிடும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இப்படி ஒன்றுக்கொன்று முடிந்துபோகும் கடதாசிகளோடு நீங்களும் நிற்கப்போகிறீர்கள். தவறினால் உங்களுக்கு ஊருக்குத் திரும்பும் விமானச்சீட்டு. அவர்களுக்கு வேறு.

1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் தொழுகைக்கூடங்களை நாசிகள் எரித்தார்கள், கடைகளை உடைத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய 30,000 ஆண்களை டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். நாட்டைவிட்டுப் போவதற்கான கடதாசியைக் காட்டினால் விடுவோம் என்றார்கள். அப்போது தூதரகங்களின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதுவரை கணவனின் கணக்குவழக்கே தெரியாதவர்கள், பொலிஸ், வரிக்கந்தோர், கப்பல் கம்பனி என்று ஏறி இறங்கி ஆளை மீட்டார்கள்.

ஷாங்காய் அப்போதுதான் பெயராக வருகிறது. 1937இல் ஜப்பானியர் அந்தப் பக்கத்தைப் பிடித்தபின் துறைமுகத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கவே ஆள் இருக்கவில்லை. விசா இல்லாமல் இறங்கலாம். தேவை ஒரு கப்பல் சீட்டு. ஜெனோவாவிலிருந்தும் திரியெஸ்தேயிலிருந்தும் இத்தாலியக் கப்பல்கள் சூயஸ் வழியாகப் போயின. பம்பாயிலும் கொழும்பிலும் நின்றுதான் போயின. எங்கள் கொழும்புத் துறைமுகத்தைக் கப்பல் தளத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்களில் உங்கள் வாசல்காரரும் இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்தவர்கள் மொத்தம் 17,000க்கு மேல். ஹொங்கியூ என்ற குண்டுவீச்சில் உடைந்த பகுதியில், ஒரு அறைக்குள் இரண்டு மூன்று குடும்பம், வெக்கை, வயிற்றோட்டம். அதற்குள்ளும் வியன்னாப் பாணியில் கோப்பிக்கடை போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1943 பெப்ரவரியில் ஜப்பானியர் அவர்களை அங்கே ஒரு சின்ன எல்லைக்குள் அடைத்தார்கள். வெளியே வேலைக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் உயிரோடு இருந்தார்கள். அப்படி 1939இல் பேர்லினிலிருந்து போன ஒரு பையன் மைக்கல் புளூமென்தால். பிறகு அமெரிக்காவின் நிதிச் செயலாளராக இருந்து, வயதான காலத்தில் இங்கே திரும்பி வந்து யூத அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானார்.

பக்கத்து நாட்டுக்கு ஓடியவர்களின் கதைதான் இன்னும் கொடுமை. அம்ஸ்ரர்டாம், பாரிஸ், பிராக் என்று 1933இலேயே, நீங்கள் சொல்வதுபோல ‘உடனேயே’ போனவர்கள். பிராகுக்கு 1939 மார்ச்சிலும் மற்ற இரண்டுக்கும் 1940இலும் ஜேர்மன் படை வந்தது. பிராங்க்பேர்ட்டிலிருந்து நெதர்லாந்துக்குப் போன ஆன் ஃபிராங்கின் குடும்பம் அப்படித்தான் அகப்பட்டது. முந்திப் போவதும் சரியான இடத்துக்குப் போவதும் வேறு வேறு. அந்த இடம் எது என்று 1933இல் யாருக்குத் தெரியும்?

இங்கிலாந்துக்குப் போனவர்களில் ஏறத்தாழ 20,000 பெண்கள் வீட்டு வேலைக்காரிகளுக்கான விசாவில் போனவர்கள். வியன்னாவில் தாங்களே வேலைக்காரி வைத்திருந்தவர்கள் பலர். இங்கிலாந்தில் அகதிகளுக்கு ஒரு கைநூல் கொடுத்தார்கள்: வீதியில் ஜேர்மன் கதைக்காதீர்கள், சத்தமாகக் கதைக்காதீர்கள், அரசாங்கத்தைக் குறை சொல்லாதீர்கள். 1940இல் பிரான்ஸ் விழுந்தபோது அதே அரசாங்கம் அகதி ஆண்களை ‘எதிரிநாட்டவர்’ என்று பிடித்து மான் தீவில் அடைத்தது. இன்னும் சிலரைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அனுப்பியது. 1941 நவம்பரில் ஜேர்மனி, வெளிநாட்டில் இருக்கும் யூதர்கள் எல்லோருடைய குடியுரிமையையும் ஒரே உத்தரவில் பறித்தது. அதற்கு முந்தின மாதமே வெளியேறுவதையும் தடை செய்து, குருனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து ஆட்களைக் கிழக்கே ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அப்போது பேர்லினில் மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பகுதி வயது போனவர்கள், தனித்த பெண்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருந்தவர்கள்.

இந்தியாவுக்கும் ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் ஆட்கள் வந்தார்கள். கொட்டிங்கனில் வேலை நீக்கப்பட்ட பௌதிகப் பேராசிரியர் மாக்ஸ் போர்னை, நம்முடைய திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1935இல் பெங்களூருக்கு அழைத்து வைத்திருந்தார். நிரந்தரப் பதவி கொடுக்க ராமன் விரும்பியும் அங்கே எதிர்ப்பு வந்தது. போர்ன் எடின்பரோவுக்குப் போனார், பிறகு நோபல் பரிசும் பெற்றார். அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர், பேர்லின்காரர், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகி, பின்னாளில் புவனேஸ்வர் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார்.

உங்கள் அறைத்தோழர்கள் இதைப்பற்றிக் கதைத்தால் ‘எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது’ என்று உடனே தொடங்காதீர்கள். நானும் அகதியாக வந்தவன்தான். 1984இல் கிழக்கு பேர்லின் ஷோனபெல்டில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயில் மாறி மேற்குக்கு வந்தேன். இறங்கியவுடன் நிற்பதற்கு ஒரு யன்னல் எனக்கு இருந்தது. அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுபவருக்குத் தஞ்சம் உண்டு என்று 1949இல் இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் 16ஆம் பிரிவாக எழுதியதற்குப் பின்னால் இருப்பது உங்கள் வாசல்காரர்களின் அனுபவம்தான். 1993இல் அதைச் சுருக்கிவிட்டார்கள், அது தனிக்கதை. ஒப்பிடுவதைவிட இதைச் சொன்னால் கதை நீளும், அவர்களும் கேட்பார்கள்.

அதே ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வெளியே பிள்ளைகளின் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. 1938 டிசெம்பருக்கும் போர் தொடங்குவதற்கும் இடையில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் பிரித்தானியாவுக்கு ரயிலேற்றினார்கள். சிலையைச் செய்த ஃப்ராங்க் மைஸ்லரே அப்படி டான்சிக்கிலிருந்து போன பிள்ளை. குருனவால்டில் நினைவிடமாக உள்ள 17ஆம் மேடையையும் ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள், எஸ் 7 ரயில் போகும்.

வாசல்காரரைப் பற்றி அறிய வேண்டுமானால், பேர்லின் ஸ்டொல்பர்ஸ்டைன் இணையத்தளத்தில் உங்கள் வீதியையும் வீட்டு இலக்கத்தையும் போட்டுத் தேடுங்கள். பலருக்கு வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், ஆங்கிலத்திலும் கிடைக்கும். நவம்பர் 9 அன்று அயலவர்கள் வந்து கற்களைத் துலக்குவார்கள். நீங்களும் சேரலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பித்தளை துலக்கும் பசை எந்தக் கடையிலும் வாங்கலாம். கம்பித்தும்பு மட்டும் பாவிக்காதீர்கள், எழுத்தில் கீறல் விழும்.