ஜான் நல்லவன்தான்

வணக்கம் அம்மா,

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (மஞ்சள் சுவர்த்தாள்) கதையை நண்பர்கள் சேர்ந்து படித்தோம். கோடைக்குப் பழைய மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுக்கும் தம்பதி. பிள்ளை பெற்று மனம் சோர்ந்திருக்கும் மனைவி, எழுதக்கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்பது கணவன் உத்தரவு. அவள் ஒளித்து எழுதுகிறாள். மாடி அறையின் வால்பேப்பருக்குள் ஒரு பெண் ஊர்வதாக மனைவிக்குத் தெரிகிறது. கடைசியில் அவளே ஊர்கிறாள். அது பேயா, பைத்தியமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. இன்னொன்று. கணவன் ஜான் டாக்டர். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, மனைவியைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறான். அவனைப் போய் ஏன் வில்லன் என்கிறார்கள்? சுவர் வர்ணனைகளும் கொஞ்சம் இழுவை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

பேயா பைத்தியமா என்பதை உங்கள் நண்பர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எப்படி வைத்துக்கொண்டாலும் கதை கெடாது.

இழுவை என்றீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. சுவரின் அடியில், தரையை ஒட்டி, அறை முழுக்கச் சுற்றி ஒரு கறை ஓடுகிறதே, கவனித்தீர்களா? யார் இப்படித் தேய்த்தது, எதற்கு என்று அவள் யோசிக்கிறாள். கடைசியில் தரையில் ஊரும்போது அவள் தோள் அந்தக் கறையில் சரியாகப் போய்ப் பொருந்துகிறது. அவள் துணியிலும் ஜான் துணியிலும் மஞ்சள் படிந்திருப்பதாக நாத்தனார் நடுவிலேயே குறைப்பட்டுக்கொள்கிறாள். ஜன்னலுக்குக் கம்பி. கட்டிலைத் தரையோடு அறைந்து வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் தாண்டிக் குதித்துவிட்டுப் பேயைத் தேடினால் எப்படி? பொறுமையாக மறுபடி படியுங்கள்.

இனி ஜான். போன மாதம் முழுக்க நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்து வந்ததுபோல உங்கள் கடிதம் வந்தது.

கில்மனுக்கு 1885-ல் மகள் பிறந்தாள். மனச்சோர்வு விடவில்லை. 1887-ல் பிலடெல்பியாவில் வியர் மிட்சல் என்ற பேர்பெற்ற நரம்பு மருத்துவரிடம் போனார். அவருடைய ‘ஓய்வுச் சிகிச்சை’ என்றால் படுக்கை, நிறையச் சாப்பாடு, வேலை கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: வீட்டோடு இரு, புத்திக்கு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் வேலை கொடுக்காதே, உயிருள்ளவரை பேனா, தூரிகை, பென்சில் எதையும் தொடாதே. ஏறக்குறைய மூன்று மாதம் கேட்டு நடந்தார், பித்துப் பிடிக்கும் நிலைக்கே போய்விட்டார். பிறகுதான் உதறிவிட்டு எழுத உட்கார்ந்தார். கதை 1892 ஜனவரியில் வந்தது. அந்த மருத்துவருக்கும் ஒரு பிரதி அனுப்பினார், பதில் இல்லை. சீக்கிரம் தேறாவிட்டால் அவரிடமே அனுப்பிவிடுவேன் என்று கதையில் ஜான் சொல்கிறானே, அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

அந்த மருத்துவரும் கெட்டவர் இல்லை தம்பி. என் பெரியப்பாவும் இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் அவர்கள் வீட்டில் ஒரு வருஷம் தங்கிப் படித்தேன். எட்டு வயது. ராத்திரியில் மச்சில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கும். பேய் என்று பிள்ளைகள் எல்லோரும் போர்வைக்குள் ஒடுங்கிக்கொள்வோம். நடந்தது பெரியம்மா. மூன்றாவது பிரசவத்தோடு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. “கதைப் புஸ்தகமாப் படிச்சு மூளை சூடேறிப்போச்சு” என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். பெரியப்பா பத்திரிகைகளைக் கட்டிப் பரணில் போட்டார், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். அவரே தலைக்கு எண்ணெய் வைத்து விடுவார், ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டுவார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் கொண்டுவரச் சொல்லி பெரியம்மா என்னிடம் கேட்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் எறும்பு ஊர்வதுபோலப் பொடியாக எழுதுவார். விரல்கடை நீளத்துக்கு ஒரு பென்சில், அது தலையணை உறைக்குள் இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லாம் உள்ளே போய்விடும். ஜான் வரும் சத்தம் கேட்டு அவள் தாளை மறைக்கும் இடத்தை இன்றைக்கும் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியாது.

ஒருநாள் பெரியப்பா என்னை மடியில் உட்காரவைத்து, “காலண்டர் தாளெல்லாம் எங்கம்மா போகுது, கண்ணு?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன். கையில் கடலைமிட்டாய் கொடுத்தார். மேலே போய், ஒரு வார்த்தை அதட்டாமல், தாள்களை அள்ளிக்கொண்டு வந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “அவ நல்லதுக்குத்தாம்மா” என்றார்.

அடிக்கிற புருஷன் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம், பிறந்த வீட்டுக்குப் போகலாம். தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிற கையைப் பற்றி அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? நல்லவன், நல்லவன் என்று நீங்கள் மூன்று காரணம் அடுக்கியிருக்கிறீர்கள். அவளிடம் ஒரு தடவையாவது ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டு, சொன்னதைக் கொடுத்தானா என்று பாருங்கள். வேறு அறை கேட்டாள், கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள், கூட்டிப்போகவில்லை. உங்களைத் திட்டவில்லை தம்பி. எனக்கும் இது புரிய வெகுகாலம் ஆயிற்று.

பெரியம்மா தேறிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். மச்சில் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தார். வடகம் பிழிய வேண்டுமென்றால் தெருவே அவரைத்தான் கூப்பிடும். லீவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தலை பின்னிவிடுவார். தாள் மட்டும் மறுபடி கேட்கவேயில்லை.

அன்புடன்.