எதிரி கையில் சிக்கிய படைவீரர்: அரசு, ஊடகம், குடும்பம் – கேள்வி பதில்

படைவீரர் ஒருவர் அயல்நாட்டின் பிடியில் சிக்கினால் அரசு என்ன செய்யும், ஊடகம் எதை வெளியிடலாம், வீட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிடிபடும் ராணுவத்தினர் எல்லாரையும் 'போர்க்கைதி' என்று எழுதலாமா?

கூடாது. இரு நாடுகளுக்கிடையே ஆயுத மோதல் நடக்கும்போது எதிர்நாட்டிடம் பிடிபட்டவரே போர்க்கைதி. முறைப்படி போர் அறிவித்திருக்க வேண்டியதில்லை. மோதல் நடந்தாலே, போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை பொருந்தும். ஆயுதக் குழுவிடம் சிக்கியவருக்கு அந்தத் தகுதி இல்லை. நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆவது பிரிவின் குறைந்தபட்சப் பாதுகாப்பு அவருக்கு உண்டு. கத்தாரில் 2022-இல் கைதான இந்தியக் கடற்படையின் முன்னாள் வீரர்கள் எட்டுப் பேரின் நிலை முற்றிலும் வேறு. அவர்கள் ஓய்வு பெற்றவர்கள், அந்நாட்டுச் சட்டப்படி வழக்கைச் சந்தித்தவர்கள். அங்கே பயன்பட்டது 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் தூதரக அணுகல் உரிமை, அதாவது கைதானவரை அவர் நாட்டுத் தூதரகம் சந்தித்து உதவும் உரிமை.

பிடித்து வைத்திருப்பவர் 'உளவாளி', 'குற்றவாளி' என்று சொன்னால் அதை அவர் கூற்றாகவே எழுதுங்கள். உங்கள் சொல்லாக எழுதிவிட்டால், சீருடையில் பிடிபட்டவருக்குச் சட்டம் தரும் தகுதியை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

கேள்வி: முதல் இரண்டு நாளில் அரசு என்னதான் செய்கிறது? வெளியே எதுவும் தெரிவதில்லையே?

முதலில் தலைக்கணக்கு. யார் திரும்பவில்லை, கடைசித் தொடர்பு எப்போது, விமானி என்றால் உயிருடன் இறங்கியதைப் பார்த்தவர் உண்டா என்று உறுதி செய்யும்வரை 'காணவில்லை' என்றுதான் பதிவாகும். அடுத்து, செய்தி வெளிவருவதற்கு முன்னால் குடும்பத்துக்குத் தகவல். பல நேரங்களில் தொலைக்காட்சி முந்திக்கொள்வதால் இந்த வரிசை குலைகிறது.

அதன்பின் வருவதுதான் மிக முக்கியமான வேலை: 'ஆம், அவர் எங்களிடம் இருக்கிறார்' என்று எதிர்த்தரப்பை ஒப்புக்கொள்ள வைப்பது. ஒப்புக்கொள்ளப்படாத கைதிதான் அதிக ஆபத்தில் இருப்பவர். தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவிப்பது, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்குத் தகவல் தருவது, இரு தரப்போடும் பேசக்கூடிய மூன்றாம் நாட்டை நாடுவது எல்லாம் அதற்காகத்தான்.

2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் பிடிபட்டபோது, விமானி ஒருவரைக் காணவில்லை என்றே இந்தியா முதலில் சொன்னது. அன்று மாலையே பாகிஸ்தானின் பொறுப்புத் தூதரை அழைத்து, காயமுற்றவரைக் காட்சிப்பொருளாக்கியதற்குக் கண்டனம் தெரிவித்துத் திருப்பி அனுப்பக் கோரியது. மறுநாள் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் விடுதலை அறிவிப்பு. மார்ச் 1 இரவு வாகா–அட்டாரி வழியாக வந்து சேர்ந்தார். இது அரிதான வேகம், இதை அளவுகோலாக்கி மற்ற வழக்குகளை எடை போடாதீர்கள்.

அறிக்கையின் சொற்களையும் கவனியுங்கள். சீனப் படையோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூன் 18 அன்று, நடவடிக்கையில் காணாமல் போன வீரர் எவருமில்லை என்று இந்திய ராணுவம் சொன்னது. சீனத் தரப்பில் இருந்த பத்துப் பேர் அன்று மாலை திரும்பியதாகப் பின்னர் செய்திகள் வந்தன. 'காணவில்லை' என்பதும் 'பிடியில் இருக்கிறார்' என்பதும் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியது செய்தியாளரின் பொறுப்பு.

கேள்வி: செய்தி மேசையில் இருக்கிறேன். எதிர்த்தரப்பு வெளியிடும் கைதியின் காணொளியைப் போடலாமா?

மூன்றாம் உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, போர்க்கைதியை வன்முறை, மிரட்டல், அவமதிப்பு ஆகியவற்றிலிருந்தும் பொதுமக்கள் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்கச் சொல்கிறது. தனி ஒருவரை அடையாளம் காட்டும் படமே பொதுவாக மீறல்தான். மிக வலுவான பொதுநலக் காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு என்பது செஞ்சிலுவைக் குழுவின் விளக்கம். அபிநந்தன் காணொளிகள் பரவியபோது 11 இணைப்புகளை நீக்குமாறு இந்திய அரசு யூடியூப் நிறுவனத்திடம் கேட்டது.

ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதே காணொளி அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று. உலகமே பார்த்த ஒருவரைப் பிறகு 'எங்களிடம் இல்லை' என்று சொல்வது கடினம். ஹமாஸ் பிடியில் இருந்த இஸ்ரேல் வீரர் கிலாத் ஷாலித்தின் ஒரே ஒரு காணொளிக்காக 2009 அக்டோபரில் இஸ்ரேல் 20 பெண் கைதிகளை விடுவித்தது.

ஆகவே செய்தியைச் சொல்லுங்கள், காட்சியை ஓட்டாதீர்கள். காணொளி வந்திருக்கிறது, அவர் உயிரோடு தெரிகிறார், இன்ன காயம் தெரிகிறது என்பது போதும். படம் வேண்டுமென்றால் படைத்துறை ஏற்கெனவே வெளியிட்ட படத்தைப் போடுங்கள். இரத்தம், கண்கட்டு, மண்டியிட்ட நிலை வேண்டாம். அவர் பேசுவதை அப்படியே ஒலிபரப்பக் கூடாது. சாராம்சம் சொல்ல நேர்ந்தால், பிடியில் இருப்பவரின் பேச்சு சுதந்திரமானதல்ல என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்த பத்திக்குத் தள்ளினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள்.

மறைகுறி ஏதாவது கண்ணில் பட்டால் வாய் திறக்கவே கூடாது. 1966-இல் வட வியட்நாமின் பிடியில் இருந்த அமெரிக்க விமானி ஜெரமையா டென்டன், தொலைக்காட்சிப் பேட்டியின்போது கண் இமைகளால் மோர்ஸ் குறியில் 'சித்திரவதை' என்ற ஆங்கிலச் சொல்லைத் தெரிவித்தார். அது அவரது தரப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1968-இல் வட கொரியா பிடித்த 'பியூப்லோ' என்ற அமெரிக்கக் கப்பலின் மாலுமிகள், பிரசாரப் படங்களில் நடுவிரலைக் காட்டி நின்றார்கள். ஹவாய்த் தீவின் வாழ்த்துக் குறி என்று காவலர்களை நம்பவைத்தார்கள். அமெரிக்க வார இதழ் ஒன்று அதன் உண்மைப் பொருளை அச்சிட்டது. அதன்பின் மாலுமிகள் நாள்கணக்கில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். ஒரு படவிளக்க வரிக்கு அவ்வளவு விலை.

கேள்வி: பெயர், ஊர், குடும்பம் எல்லாம் எப்படியும் இணையத்தில் கிடைக்கிறதே, நாங்கள் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அதே மூன்றாம் உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவுப்படி கைதி சொல்ல வேண்டியவை நான்கே: முழுப்பெயர், பதவிநிலை, பிறந்த தேதி, படை எண். மற்றதைச் சொல்ல மறுத்தால் வதைக்கவோ மிரட்டவோ கூடாது. அபிநந்தன் பெயர், படை எண் போன்ற சிலவற்றைச் சொன்னபின், மேற்கொண்டு கேட்டவர்களிடம் 'இவ்வளவுதான் சொல்ல முடியும்' என்று மறுத்தார். அந்த நேரத்திலேயே அவர் குடும்பப் பின்னணியும் தந்தை வகித்த பதவியும் இங்கே செய்தியாக ஓடிக்கொண்டிருந்தன. விசாரிப்பவருக்கு அது இலவச உதவி: மறுத்த கேள்விக்கு விடை கையில் இருந்தால் அடுத்த கேள்விக்கு அழுத்தம் கொடுப்பது எளிது.

சிதறிக் கிடக்கும் தகவலை ஒரே கட்டுரையில் திரட்டித் தருவதுதான் ஆபத்து. படைப்பிரிவு, பெற்ற பயிற்சிகள், முந்தைய பணியிடங்கள், மதம், மனைவி மக்கள் விவரம் ஆகிய எதுவும் அவர் திரும்பும்வரை வேண்டாம்.

புகழும் கெடுதல் செய்யும். 2003-இல் இராக்கில் பிடிபட்ட அமெரிக்க வீராங்கனை ஜெசிகா லிஞ்ச் கடைசித் தோட்டா வரை சுட்டார் என்று முதலில் செய்தி வந்தது. உண்மையில் அவர் வண்டி மோதியதில் படுகாயமடைந்திருந்தார், துப்பாக்கியும் அடைத்துக்கொண்டது. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அவரே அந்தக் கதையை மறுத்தார். நல்லவேளை, அந்த வீரக்கதை அவர் மீட்கப்பட்ட பிறகுதான் வெளியானது. இன்னும் பிடியில் இருக்கும் ஒருவரைப் பற்றி 'பலரைக் கொன்று வீழ்த்தினார்' என்று எழுதினால், அதைக் காவலர்களும் படிப்பார்கள்.

கேள்வி: என் அண்ணன் எல்லைப் பணியில் இருக்கிறார். அப்படி ஒன்று நடந்தால் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?

நடக்காமல் இருக்கட்டும், அம்மா. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படைப்பிரிவிலிருந்து உங்களோடு பேச நியமிக்கப்படும் அதிகாரியின் பெயரும் எண்ணும் கேட்டு எழுதி வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் வெளியாரிடம் பேசட்டும். எல்லாருடைய சமூக ஊடகக் கணக்குகளையும், உறவினர், நண்பர் கணக்குகள் உட்பட, அன்றைக்கே பூட்டுங்கள். சீருடைப் படம், முகாம் படம், பிள்ளைகளின் பள்ளி தெரியும் படம் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. செய்தியாளருக்குத் திருமண ஆல்பத்தைக் கொடுக்காதீர்கள். பாசத்தோடு கேட்பார்கள், அரை மணி நேரத்தில் எல்லாத் திரையிலும் ஓடும்.

பணம் கேட்டோ, 'தகவல் தருகிறேன்' என்றோ அழைப்பு வரும். பெரும்பாலும் மோசடிதான். எண், நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்து அதிகாரியிடம் ஒப்படையுங்கள். அண்ணனுக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பணம் அனுப்ப வேண்டாம்.

கடிதம் செஞ்சிலுவைக் குழு வழியாகப் போகும். முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், தான் பிடிபட்டதை வீட்டுக்குத் தெரிவிக்கும் 'பிடிபட்டோர் அட்டை' எழுதக் கைதிக்கு வாய்ப்பு தர வேண்டும். அதன்பின் மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நான்கு அட்டை அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் எழுதும்போது சுருக்கமாக, தெளிவான கையெழுத்தில் எழுதுங்கள். நீண்ட கடிதம் தணிக்கையில் தேங்கும். சக வீரர் பெயர், அரசு எடுக்கும் முயற்சி எதுவும் வேண்டாம். வீட்டார் நலம், குழந்தையின் படிப்பு, அம்மாவின் உடல்நிலை போதும்.

கேள்வி: அரசு அமைதியாக இருந்தால் குடும்பம் தெருவில் இறங்கிக் குரல் கொடுப்பது சரியா?

பிடித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. நாடு என்றால் வெளிச்சம் பெரும்பாலும் உதவும். பன்னாட்டுப் பெயர் கெடுமே என்ற கவலை அதற்கு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்க அரசு குடும்பங்களை வாய்மூடி இருக்கச் சொல்லி வந்தது. 1969 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட் கைதிகள் நடத்தப்படும் விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து முகாம்களில் கொடுமை குறைந்தது. அப்போது ஹோ சி மின் மறைந்திருந்ததும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு.

ஆயுதக் குழு என்றால் கணக்கு மாறும். வெளிச்சம் விலையை ஏற்றும். ஷாலித் விடுதலைக்கு ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. ஒருவருக்கு ஈடாக 1,027 பேர். அதற்காகக் குடும்பம் போராடியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். போராடாவிட்டால் மறந்தே போயிருக்கலாம். முதல் சில வாரம் அமைதி, பேச்சு தேங்கிவிட்டது என்று உறுதியானபின் குரல் என்பதே என் கருத்து.

கேள்வி: விடுதலைப் பேச்சு நடப்பது தெரிந்தால் வெளியிடலாமா?

அவர் எல்லையைக் கடக்கும்வரை வேண்டாம். இறுதி நேரத்தில்கூட எந்த உடன்பாடும் முறியலாம். பெரும்பாலான உடன்பாடுகள் இரு தரப்பும் தத்தம் மக்களிடம் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொள்ள இடம் வைத்தே எழுதப்படுகின்றன. பியூப்லோ மாலுமிகளுக்காக அமெரிக்கத் தளபதி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்திடும் முன் அது உண்மையல்ல என்று வாய்மொழியாக மறுத்தும் வைத்தார். வட கொரியா 82 பேரையும் விடுவித்தது. 'யார் பணிந்தது?' என்று முன்கூட்டியே தலைப்பிட்டால் அந்த இடம் அடைபடும்.

கேள்வி: திரும்பி வந்தவரிடம் எப்போது பேட்டி எடுக்கலாம்?

மருத்துவப் பரிசோதனை, உளவியல் உதவி, படைத்துறை விசாரணை முடியும்வரை காத்திருங்கள். 2007-இல் ஈரான் பிடித்து விடுவித்த பிரிட்டன் கடற்படையினர் 15 பேர் தங்கள் அனுபவத்தை ஊடகங்களுக்கு விற்க அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி கொடுத்தது. கண்டனம் எழுந்ததும் சில நாளில் அதை நிறுத்தியது. திரும்பி வந்தவர் பிடியில் இருந்தபோது சொன்னதை வைத்துக் கேள்வி கேட்காதீர்கள்.

கேள்வி: எதிரி நாட்டு வீரர் நம் தரப்பிடம் பிடிபட்டால் அவரைக் காட்டலாம்தானே?

அதே 13-ஆவது பிரிவுதான், அதே விதிதான். 2022-இல் உக்ரைன் ரஷ்யக் கைதிகளின் காணொளிகளை வெளியிட்டபோது, படையெடுப்புக்கு ஆளான நாடாக இருந்தும், மனித உரிமை அமைப்புகள் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டன. முகத்தை மறையுங்கள், பெயரை எழுதாதீர்கள், பேட்டி எடுக்காதீர்கள். செஞ்சிலுவைக் குழு அவரைச் சாட்சிகள் இல்லாமல் தனியாகச் சந்தித்ததா என்று உங்கள் அரசிடம் கேளுங்கள். அதே உடன்படிக்கையின் 126-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.